சித்திரை யாருடைய முறை

ஜனவரி பிறந்தால் என் போனுக்கு நிம்மதி கிடையாது. தாமரையும் சூரியனும் போட்டு, "இந்தப் புத்தாண்டில் மனப்பூர்வமாக ஒரு சங்கல்பம் எடுங்கள்" என்று விடிவதற்குள் நாற்பது படங்கள் வந்து கிடக்கும். அனுப்புகிறவர்கள் யோக்கியதை எனக்குத் தெரியும். "மன்னிப்போம், மறப்போம்" என்று அனுப்பிய மனுஷி, அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் வாசலை மறித்து காரை நிறுத்திவிட்டு, எடுக்கச் சொன்ன என்னிடமே சண்டைக்கு வந்தவள்.

இருந்தும் போன வருஷ ஜனவரியில் நானும் ஒரு சங்கல்பம் எழுதினேன். கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் தியான வகுப்பு நடந்தது. சர்க்கரை ஏறிவிட்டது, கோபத்தைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் என் கணவர் பணம் கட்டிச் சேர்த்துவிட்டார். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், கோயம்புத்தூர்ப் பக்கம். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "இந்த வருஷத்துக்கான சங்கல்பத்தை எழுதுங்க. ஏற்கெனவே நடந்துட்டிருக்கிற மாதிரி எழுதுங்க. இதயத்துலேர்ந்து வரணும்" என்றாள்.

எனக்கு இதயத்திலிருந்து வந்ததை எழுதினேன். "என் ஓரகத்தி இந்தச் சித்திரையில் தரையில் உட்கார முடியாமல் இருக்கிறாள்."

அந்தப் பெண் ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். என்னிடம் வந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அடுத்தவங்களைப் பத்தி எழுதக் கூடாதுங்கம்மா. உங்களைப் பத்தி மட்டும் எழுதுங்க" என்றாள். அடித்துவிட்டு, "சித்திரை ஒன்றாம் தேதி விளக்கு என் கையில் இருக்கிறது" என்று எழுதினேன். "ரொம்ப அழகா இருக்குங்க" என்று போய்விட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் பெண்டாட்டி. எங்கள் இரண்டு குடும்பமும் இருப்பது ஒரே வீட்டில்தான், நடுவில் ஒரு சுவர். மாமனார் இருக்கும்போதே பாகம் பிரித்துவிட்டார். மூத்தவருக்குத் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ், என் கணவருக்கு விதையும் உரமும் விற்கிற கடை, நாகலாபுரத்துக் கரிசலில் ஆளுக்குப் பாதி. மோட்டார் முதல் அம்மிக்கல் வரை எல்லாவற்றையும் பிரித்தவருக்குச் சாமி அறையை மட்டும் பிரிக்க முடியவில்லை. நட்ட நடுவில் இருந்தது. கிழக்கே ஒரு கதவு ஏற்கெனவே இருந்தது, அது அவர்களுக்கு. மேற்கே சுவரை உடைத்து எங்களுக்கு ஒரு கதவு வைத்தார். விளக்கேற்றுவது மாதம் ஒரு வீடு என்று முறை வைத்தார். மூத்தவள் சித்திரையில் ஆரம்பிக்க, நான் வைகாசியில் தொடர வேண்டும்.

அன்றைக்கு எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். வருஷத்துக்கு மாதம் பன்னிரண்டு, வீடு இரண்டு, ஆக சித்திரை எந்த ஜென்மத்திலும் என் பக்கம் வராது என்பது எனக்கு உறைத்தது அடுத்த சித்திரைக்குத்தான். வாழ்நாள் முழுக்க வியாபாரம் பண்ணின மனிதருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? நான் போய்க் கேட்டதற்கு என் ஓரகத்தி விரல் விட்டு எண்ணினாள். "ஒனக்குக் கார்த்திகை இருக்கு, தை இருக்கு, பங்குனி உத்திரம் இருக்கு. இன்னும் என்னட்டி வேணும்?"

எனக்கு வேண்டியது சித்திரை ஒன்று. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் வருஷ வேண்டுதல். விடிந்ததும் தாம்பாளத்தில் மாம்பழம், வெள்ளரிக்காய், கண்ணாடி, நகை எல்லாம் வைத்து, முறைக்காரி விளக்கேற்றி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாய்விட்டு வேண்ட வேண்டும். இரண்டு குடும்பமும் அவரவர் கதவில் நின்று கேட்கும். மழை பெய்யணும், மக்காச்சோளத்தில் பன்னி விழக்கூடாது, தீப்பெட்டி ஆபீஸில் நெருப்பு அண்டக்கூடாது என்று தொடங்கி, வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, "நல்லாருக்கணும்" என்று முடித்துக் கற்பூரம் காட்டுவாள். காட்டிவிட்டால் முடிந்தது. அதற்குமேல் ஒரு பெயரும் சேர்க்கக்கூடாது. அந்த வரிசையில் இருக்கிறவர்கள்தான் அந்த வருஷத்துக்கு எங்கள் வீட்டு ஆட்கள்.

மற்றபடி எங்களுக்குள் நடந்ததெல்லாம் சில்லறைச் சண்டை. மாதம் முடிந்ததும் நான் விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கி அவளிடம் ஒப்படைப்பேன். என் கண் முன்னாலேயே அவள் திரும்பப் புளி கரைப்பாள். அடுத்த மாதம் அவள் துலக்கியதை நான் திரும்பத் துலக்குவேன், கொஞ்சம் சத்தம் கேட்கிற மாதிரி. அந்த விளக்குகள் தேய்ந்து பாதியாகிவிட்டன. அவளிடம் எனக்கு எதுவும் பிடிக்காது. நடை பிடிக்காது, திருநீறு பூசுகிற தினுசு பிடிக்காது, எண்ணெய்க் கிண்ணத்தை மோந்து பார்க்கிற மூக்கு பிடிக்காது. அவளுக்கும் அப்படித்தான். இதிலாவது இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

இப்படியே போயிருக்கும், என் மகள் கல்யாணம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால். அவள் தூத்துக்குடியில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனை விரும்பினாள். வேறு ஆட்கள். வீட்டில் நாங்கள் மாட்டோம் என்றதும் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு, செய்த பிறகு போன் போட்டுச் சொன்னாள். என் கணவர் ஒரு வருஷம் பேசவில்லை, பிறகு பேசினார். நான் ஒரு மாதம் பேசவில்லை.

அந்த வருஷ சித்திரை ஒன்றில் என் ஓரகத்தி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன், அவள், பெரிய மகன், மருமகள், பேரன், சின்ன மகன், பிறகு என் கணவர், நான், என் மகள், என் மகன், கடைசியில் கடம்பூரில் கட்டிக்கொடுத்த எங்கள் நாத்தனார். இதுதான் வரிசை. அன்றைக்கு என் பெயருக்கு அப்புறம் நேரே என் மகன் பெயருக்குத் தாவினாள். தாவியதை எல்லாரும் கேட்டார்கள். என் கணவர் தரையைப் பார்த்தார்.

கற்பூரம் அணைந்ததும் கேட்டேன். "எம்பிள்ள பேர எங்க?"

"வேற வீட்டுக்குப் போன பிள்ளைக்கு இங்கன என்னட்டி வேண்டுதல்?"

"அப்ப கடம்பூர்க்காரி? அவிய மட்டும் வேற வீட்டுக்குப் போகலையா?"

"அது நாம கட்டிக்குடுத்தது. இது போனது" என்றாள். சொல்லிவிட்டுத் தாம்பாளத்திலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து என் மகன் கையில் கொடுத்தாள். அந்தப் பழத்தை நான் வாங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் எறிந்தேன்.

இது என் மகள் காதுக்குப் போய்விட்டது. என் மகன்தான் சொல்லியிருக்கிறான். அவளுக்கு என் கோபமும் என் கணவரின் அழுத்தமும் சேர்ந்து வந்திருக்கிறது. "எம்பேரச் சொல்லாத சாமி முன்னாடி நான் வந்து நிக்க மாட்டேன்மா. என்னைக்குச் சொல்லுதீங்களோ அன்னைக்கு வாரேன்" என்றாள். வரவில்லை. தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. என் தம்பி மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்துவிட்டு, நாலு தெரு தள்ளியிருக்கிற வீட்டுக்கு வராமல் பஸ் ஏறினாள். பிள்ளை பெற்றாள், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாமியார் வீட்டுக்குப் போனாள். பேத்தியைப் பார்க்க நான்தான் தூத்துக்குடிக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். போய் என் மகளின் மாமியார் வீட்டு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வருவேன். என் மடியில் என் வீட்டில் வளர வேண்டிய பிள்ளை.

நான் என் முறையில் விளக்கேற்றும்போதெல்லாம் மகளுக்காக வேண்டிக்கொண்டுதான் இருந்தேன், மனதுக்குள். ஆனால் மனதுக்குள் வேண்டுவதற்கு முறை எதற்கு? அதை பஸ்ஸில் நின்றுகொண்டே செய்யலாம். எனக்கு அது வாய்விட்டு, சித்திரை ஒன்றில், இரண்டு கதவிலும் ஆள் நிற்கும்போது நடக்க வேண்டும். ஆறு சித்திரை இப்படிப் போனது. ஆறிலும் என் ஓரகத்தி தாவினாள், ஆறிலும் நான் மேற்குக் கதவில் நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சங்கல்பம் எழுதிய வருஷப் பங்குனி உத்திரத்துக்கு, வழக்கம்போல இரண்டு குடும்பமும் வேன் பிடித்து நாகலாபுரம் பக்கம் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். முந்தின நாள் அந்தப் பக்கம் கோடை மழை. கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு கனத்துக்கு மண் ஏறிவிடும். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் எடுக்கவில்லை, வெறுங்காலோடு நடப்பது கௌரவக் குறைச்சல். வண்டித்தடத்தில் வழுக்கிக் கால் மடங்கி உட்கார்ந்தாள்.

முதலில் சிரித்தது நான்தான். பட்டுப்புடவையும் சேறுமாய் அவள் உட்கார்ந்திருந்த கோலம் அப்படி. பிறகு அவள் எழுந்திருக்கவில்லை என்பதைப் பார்த்தேன். கணுக்கால் உடைந்திருந்தது. மதுரையில் பிளேட் வைத்தார்கள், மூன்று மாதம் காலை மடக்கக்கூடாது, தரையில் உட்காரவே கூடாது என்றார்கள். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது, பொய் சொல்லவில்லை. வேனில் திரும்பி வரும்போது ஒரு அரைமணி நேரம் இருந்தது. கோவில்பட்டி வந்தபோது சித்திரைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

தனக்குப் பதிலாக விளக்கேற்ற அவள் முதலில் சென்னையிலிருக்கிற மருமகளைக் கேட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். "இத்தன பேரு எனக்கு வாயில வராது அத்தை, லீவும் இல்லை" என்று மருமகள் ஸ்பீக்கரில் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பெண்மீது ஒரு பிரியமே வந்துவிட்டது. மறுநாள் என் ஓரகத்தி வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்து, சாமி அறையைத் தாண்டி, எங்கள் கதவில் நின்றாள். ஆறு வருஷமாக அந்தக் கதவு நிலையை அவள் தாண்டியதில்லை. அன்றைக்கும் தாண்டவில்லை.

"இந்தத் தடவ நீ ஏத்து" என்றாள்.

"ஏத்துதேன்."

"நீ யாரு பேர வேணும்னாலும் சொல்லிக்கோ. எங்க வீட்டு ஆள்ல ஒண்ண விட்டன்னு வை, அப்புறம் பாத்துக்கோ."

"ஒன்னய மாதிரி எனக்கு நாக்கு சுருங்கிப் போகல, அக்கா" என்றேன். அவள் வாக்கரைத் திருப்பிக்கொண்டு போனாள். திருப்புவதற்கு நேரமானது. நான் பிடிக்கப் போகவில்லை.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டேன். "இந்தச் சித்திரை எங்கையில. எல்லார் முன்னாடியும் ஒம்பேரு, மாப்பிள்ள பேரு, பிள்ள பேரு மூணும் சொல்லுதேன். வா" என்றேன். "அன்னைக்குக் காலைல கார்ல வாரோம்மா" என்றாள். குரல் உடைந்திருந்தது. நானும் அழுதேன், சந்தோஷத்தில் பாதி, ஜெயித்துவிட்டேன் என்கிற திமிரில் பாதி.

மிச்சமிருந்த நாட்களில் நான் ஒத்திகை பார்த்தேன். என் ஓரகத்தியின் பேரனுக்குச் சென்னையில் நியூமராலஜி பார்த்து ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், வாயில் நுழையாது. அதைச் சமையல்கட்டில் நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். மூத்தவர் பெயரை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், மருமகள் பெயருக்கு முன்னால் மூச்சு விடலாமா என்று எல்லாம் பார்த்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு குறை சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. அவள் ஆட்களில் ஒருவர் பெயர்கூடத் தடுக்கக்கூடாது. என் பிள்ளைகள் பெயரை ஒத்திகை பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை பெயரை எவளாவது ஒத்திகை பார்ப்பாளா?

சித்திரை ஒன்று காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டார். பெயர் சொன்ன பிறகு உள்ளே வருவதாக அவர்களுக்குள் பேசி வந்திருக்கிறார்கள். மகள் மட்டும் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்குக் கதவில், என் கணவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மாம்பழ நிறத்தில் புடவை. கிழக்குக் கதவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலை ஒரு ஸ்டூலில் நீட்டி, என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். என் மகளைப் பார்த்தாள்.

நான் விளக்கேற்றி உட்கார்ந்தேன். வேண்டத் தொடங்கினேன். மழை, மக்காச்சோளம், தீப்பெட்டி ஆபீஸ். என் கண் எதிரே இருந்த என் ஓரகத்தியின் உதட்டில்தான் இருந்தது. அவளும் கூடவே சத்தமில்லாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், தப்பு கண்டுபிடிக்க. நான் விடவில்லை. மூத்தவர், பெரிய மகன், மருமகள் எல்லாம் வந்தது. அந்த நுழையாத பேரன் பெயர் வழவழவென்று வந்து விழுந்தது. அவள் பெயரைக்கூட நிறுத்தி, மரியாதையாகச் சொன்னேன். அதன் பிறகு ஓட்டமாகப் போய்விட்டது. அவள் எந்த ராகத்தில் இழுப்பாளோ அதே ராகம் என் வாயிலும் வந்தது. கடம்பூர் நாத்தனார் வரை சொல்லி, "எல்லாரும் நல்லாருக்கணும்" என்று முடித்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன்.

"கொளுத்தாத" என்றாள் என் ஓரகத்தி.

நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒரு ஆள விட்டுட்ட."

எனக்குப் பிடரியில் சூடு ஏறியது. "ஒங்காளு ஒருத்தரையும் விடல. வேணும்னா எண்ணிப் பாரு. எங்கிட்ட சண்டைக்கு நிக்கணும்னே நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கியா?"

"எங்காள இல்ல" என்றாள். "ஒன் மவள."

விளக்குத் திரி பொரிகிற சத்தம் கேட்டது. நான் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். என் கணவர், நான், என் மகன், நாத்தனார். பல் விழுந்த இடத்தில் பக்கத்துப் பல் சாய்ந்து அடைத்துக்கொள்ளுமே, அப்படி அந்த வரிசை மூடியிருந்தது. ஆறு வருஷம் கேட்டுக் கேட்டு, அவள் சொன்ன வரிசைதான் எனக்கும் வரிசையாகியிருந்தது.

அவள் குரலில் இரக்கம் இருந்தது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கற்பூரம் காட்டினபிறகு அவள் சொல்லியிருந்தால் அது சுத்தமான வன்மமாக இருந்திருக்கும், நானும் நிம்மதியாக வெறுத்திருப்பேன். முன்னாலேயே சொல்லிவிட்டாள். அதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

பெயர்களைச் சொன்னேன். மகள் பெயர், மாப்பிள்ளை பெயர், பேத்தி பெயர். கற்பூரம் காட்டினேன். மாப்பிள்ளை உள்ளே வந்தார். மகள் எல்லாரிடமும் திருநீறு வாங்கிக்கொண்டாள், அவள் பெரியம்மாவிடம் முதலில். இட்லி சாப்பிட்டார்கள். பேத்தி தாம்பாளத்துக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

கிளம்பும்போது காரடியில் நானும் மகளும் மட்டும் நின்றோம். நான் ஆரம்பித்தேன். எல்லாம் என் ஓரகத்தியால் வந்தது, ஆறு வருஷம் அந்தப் பெயரை விட்டு விட்டுச் சொல்லி என் நாக்கையே கெடுத்துவிட்டாள், கால் உடைந்தும் அவளுக்குப் புத்தி வரவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். மகள் பேத்தியை சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கோபமில்லை, அவள் முகத்தில் என் முகம் கொஞ்சமும் இல்லை.

"பெரியம்மா ஆறு வருஷமும் ஞாபகமா விட்டாவம்மா" என்றாள். "நீ மறந்துல்லா விட்ட."

கதவைச் சாத்திக்கொண்டாள். கார் தெருமுனை திரும்புகிறவரை நான் அங்கேயேதான் நின்றேன்.